கூரைவரை எழுப்பிய சுவர்

1. எஸ்டேட் நிர்வாகம் தொழிலாளர் குடியிருப்பின் இடைச்சுவர்களைக் கூரைவரை எழுப்பிக் கட்டியது.

2. அடுத்த வாரம் அந்த வரிசையில் ஒரு தகப்பன் தன் மகளை விறகுக் கட்டையால் அடித்தான். இடது முன்கை உடைந்தது.

3. குன்னூர் மருத்துவமனையிலிருந்து எங்கள் அலுவலகத்துக்குத் தகவல் வந்தது.

4. மகள் விழுந்துவிட்டாள் என்று தாய் சொன்னார். கேட்டவர்கள் எல்லோரிடமும் அதையே சொன்னார்.

5. வீட்டைப் பார்க்கப் போன எங்களை அவன் கவாத்துக் கத்தியால் தாக்கினான். எங்கள் ஓட்டுநரின் தோளில் தையல் போட்டார்கள்.

6. அதற்காக அவன் கைதானான். மகளின் கைக்காக அல்ல.

7. ஜாமீனில் வெளியே வந்தவன், மனைவியை அழைத்துக்கொண்டு குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்து நின்று மகளைத் திருப்பிக் கேட்டான்.

குழு முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தப் பெண் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறாளா, இல்லையா. மேலே உள்ள முதல் வரிக்கும் மற்ற வரிகளுக்கும் என்ன தொடர்பு என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

நான் படித்தது கட்டடப் பொறியியல். கோவையில் கொஞ்ச காலம் சைட்டில் நின்றேன். பிறகு ஊட்டிக்குத் திரும்பி, சமூகப்பணி படித்து, குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவில் கேஸ் ஒர்க்கராகச் சேர்ந்தேன். எங்கள் அறிக்கையில், எதனால் அடித்தார்கள் என்று எழுத ஓர் இடம் உண்டு. விறகு, பெல்ட், ஹீட்டர் ஒயர், கரண்டிக் காம்பு, காட்டோரம் முளைக்கிற செந்தட்டிச் செடி என்று நான் எழுதியிருக்கிறேன். செந்தட்டியால் அடித்தால் காயம் இருக்காது, தடிப்பு மட்டும் இருக்கும், அடுத்த நாள் அதுவும் இருக்காது. அதனாலேயே அதைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். சேர்ந்த புதிதில் இதையெல்லாம் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி எழுதுவேன். இப்போது டீ குடித்துக்கொண்டே எழுதிவிடுகிறேன். அது நல்லதா என்று தெரியவில்லை.

சிறுமிக்குப் பத்து வயது. வயதுக்குச் சின்ன உடம்பு. வார்டில் சுவரோரக் கட்டிலில் கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். நான் பேர் கேட்டேன், பள்ளி கேட்டேன். அவள் மேலே விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். "கீழ விழுந்தா பெரும்பாலும் மணிக்கட்டுப் பக்கம் உடையும். இது நடு எலும்பு. தலைக்கு வந்த அடியைக் கையால தடுத்திருக்கா."

தாய் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கொழுந்து பறிக்கிற கை, விரல் இடுக்கெல்லாம் கறுப்பு. என்ன நடந்தது என்று கேட்டேன்.

"பொட்டி மேல ஏறி வெளையாண்டுட்டு இருந்தாளுங்க. வுழுந்துட்டா."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தனுங்க. எங்கையில இருந்துதானுங்க நழுவிட்டா."

பெட்டி மேலிருந்து விழுந்தாளா, கையிலிருந்து நழுவினாளா? இரண்டையும் எழுதிக்கொண்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். பொய் சொல்கிறவர்கள் இப்படித்தான் முன்னுக்குப்பின் பேசுவார்கள் என்று அப்போது நினைத்தேன்.

அந்நேரம் தகப்பன் வந்தான். ஒரு கையில் பன், இன்னொரு கையில் டீ ஃபிளாஸ்க். நல்ல உயரம், சிரித்த முகம்.

"ஏனுங்க மேடம், ஊட்டியிலருந்து இதுக்குன்னேவா வந்தீங்க?" என்றான். "அடிச்சியான்னு கேக்கத்தான வந்தீங்க? எம்புள்ளைய நா அடிக்காம, பின்ன எஸ்டேட் மேனேஜரா எறங்கி வந்து அடிப்பாரு?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே மனைவி பக்கம் திரும்பி, "என்ன சொன்ன இவங்ககிட்ட?" என்று கேட்டான்.

"ஒண்ணுஞ் சொல்லலீங்க."

அறைந்தான். கையிலிருந்த ஃபிளாஸ்க்கைக்கூடக் கீழே வைக்கவில்லை. அந்த அம்மாவின் தலை கட்டில் கம்பியில் இடித்தது. யாரும் சிரிக்கவில்லை. சிறுமி இரண்டு கால்களையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு மறுபடி விட்டத்தைப் பார்த்தாள். வாட்ச்மேன் வந்து அவனைத் தள்ளிக்கொண்டு போனார். போகும்போது கட்டில்காரர்களைப் பார்த்துக் கை அசைத்துவிட்டுப் போனான்.

குழு அவளை ஊட்டியில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் தற்காலிகமாகச் சேர்க்கச் சொன்னது. வீட்டை நேரில் பார்த்து அறிக்கை எழுத வேண்டியது என் வேலை. அறிக்கையில் ஒன்றும் இல்லையென்றால் அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குழந்தை இருக்க வேண்டிய இடம் குடும்பம் என்றுதான் சட்டம் தொடங்குகிறது.

குன்னூரிலிருந்து பர்லியார் நோக்கி இறங்கும் சாலையில் பிரிந்து போகிறது அந்த எஸ்டேட் பாதை. எஸ்டேட் தனியார் நிலம். கேட்டில் வண்டியை நிறுத்திப் பேரும் காரியமும் சொல்ல வேண்டும். வாட்ச்மேன் ஆபீசுக்குப் போன் செய்வார். ஆபீஸ் மேஸ்திரிக்குச் சொல்லும். மேஸ்திரி குடியிருப்புக்கு ஆள் அனுப்புவார். எல்லாம் முறைப்படி நடந்தால், நாம் யாரைத் திடீரென்று பார்க்கப் போகிறோமோ அவருக்குத்தான் முதலில் தெரியும்.

"நாம இங்க பேரு சொல்லி முடிக்கறதுக்குள்ள, அங்க நமக்குக் காப்பி ஆறிப்போயிருக்கும் மேடம்" என்றார் எங்கள் ஓட்டுநர். கூட வர வேண்டிய பெண் காவலரை அமைச்சர் வருகைக்காக ஊட்டியிலேயே நிறுத்திவிட்டார்கள். எங்கள் இருவரையும் தவிர வண்டியில் யாரும் இல்லை.

கவாத்து நடந்துகொண்டிருந்த மாதம். தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விட்டிருந்தார்கள். சரிவு முழுக்க வெறும் குச்சிகள். அவன் வாசற்படியில் உட்கார்ந்து, வளைந்த கவாத்துக் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"வாங்க மேடம். எங்க அரமனையப் பாருங்க."

ஓர் அறை, அதன் ஓரத்தில் அடுப்பு. இப்படி வரிசையாக ஒரே கூரைக்குக் கீழ் பன்னிரண்டு அறைகள்; அறையைக் காம்பரா என்பார்கள். பழைய கல்சுவர் தலைக்குச் சற்று மேலேவரை போய் நின்றது. அதற்கு மேல் தகரக் கூரையைத் தொடும்வரை புதிய சிமென்ட் பிளாக்குகள். பூச்சு இன்னும் போடவில்லை. கலவை முழுதாகக் காயாமல் கறுத்திருந்தது. அந்தச் சுவரோரம் ஒரு பெரிய தகரப் பெட்டி. அதன் மூடி நடுவில் குழிந்திருந்தது. யாரோ அடிக்கடி ஏறி நின்ற குழிவு.

"இது எப்ப கட்டுனாங்க?"

"இப்பத்தானுங்க. இப்பத்தான் ஊடுன்னா ஊடு மாதிரி இருக்குது. முன்னால இங்க ஒருத்தன் இருமுனா கடைசித் தொங்கல் ஊட்டுக்காரன் தண்ணி கொண்டுவருவான்."

வெளியே வந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். ஐம்பது வயதைத் தாண்டிய பெண் எட்டிப் பார்த்தார். சிறு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல தங்கச்சி. அதான் காம்பராவெல்லாம் அடைச்சிட்டாங்களே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

திரும்ப உள்ளே போய் அடுப்பையும் விறகையும் படம் எடுத்தேன். அவன் சிரிப்பு அங்கே நின்றது.

"வெறகப் படம் புடிக்கறீங்க? அடுப்பெரிச்சா கேஸா?"

பதில் சொல்வதற்குள் போனைப் பிடுங்கி அடுப்புக் கல்லில் அறைந்தான். மனைவி அவன் சட்டையைப் பிடித்து, "உடுங்க, அவுங்க கெவுருமெண்டு ஆளுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் வயிற்றில் உதைத்தான். விழுந்தவரை மறுபடி உதைத்தான். நான் நடுவில் போனேன். என் தோளைப் பிடித்துச் சுவரில் மோதினான். புதுக் கலவையின் சொரசொரப்பு முழங்கையை உரித்தது. ஓட்டுநர் ஓடி வந்தார். வாசலில் கிடந்த கத்தியை அவன் எப்போது எடுத்தான் என்று நான் பார்க்கவில்லை. அது அவர் தோளில் இறங்கியதைத்தான் பார்த்தேன். காக்கிச் சட்டை கறுத்து நனைந்தது. பிறகு அவன் ஜீப்பின் முன்கண்ணாடியை வெட்டினான், விளக்குகளை வெட்டினான், பானெட்டை வெட்டினான். செடி வெட்டுகிற அதே வீச்சு. வெட்டி ஓய்ந்ததும் கத்தியோடு சரிவில் இறங்கிப் போனான்.

எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. எல்லோரும் அவரவர் வாசலில் நின்றார்கள். யாரும் இறங்கி வரவில்லை. பக்கத்து வீட்டுக் கதவு மட்டும் சாத்தியே இருந்தது.

அந்த அம்மாவை வண்டியில் ஏறச் சொன்னேன். தரையில் கிடந்தபடியே தலையை ஆட்டி மறுத்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். கண்ணாடி இல்லாத முன்பக்கத்தில் காற்று நேராக முகத்தில் அடித்தது. ஓட்டுநர் என் துப்பட்டாவைத் தோளில் அழுத்திக்கொண்டு பக்கத்தில் சாய்ந்திருந்தார்.

"செகண்ட் கியர்லயே எறக்குங்க மேடம். கிளட்ச்ச மிதிச்சுட்டே வராதீங்க, கருகிரும்" என்றார். குன்னூர் வரும்வரை அவர் கவலைப்பட்டது கிளட்ச்சைப் பற்றி மட்டும்தான்.

அன்று மாலையே அவனைப் பிடித்தார்கள். அரசு வாகனத்தைச் சேதப்படுத்தியது, அரசுப் பணியாளரை வெட்டியது என்று பிரிவுகள் மளமளவென்று விழுந்தன. ஒரு பத்து வயதுப் பெண்ணின் கை உடைந்ததற்கு ஒரு பிரிவும் விழவில்லை. அடித்தான் என்று சொல்வதற்கு ஆள் இல்லை.

இல்லத்தில் அவளைப் போய்ப் பார்த்தேன். வந்த நாளிலிருந்து எந்த அறைக்குப் போனாலும் முதலில் மேலேதான் பார்க்கிறாள் என்று பொறுப்பாளர் சொன்னார். படுக்கும் அறை, சாப்பிடும் அறை, குளியலறை எல்லாவற்றிலும்.

"மேல என்ன பாக்கற?" என்று கேட்டேன்.

"இங்கயும் அடைச்சுத்தான் இருக்குதுக்கா."

பிறகு அவள் சொன்னாள். நான் கேட்காமலே, ஒரே மூச்சில்.

"முன்னால எங்க காம்பராவுல மேல தொறந்திருக்கும். அப்பா ஆரம்பிச்சா அம்மா பொட்டி மேல ஏறி என்னைய செவுத்து மேல வெச்சுரும். அந்தப் பக்கத்து ஊட்டுப் பெரியம்மா கைய நீட்டிட்டு இருக்கும். எறக்கிக்கும். அப்பா பெரியம்மா கதவப் போயி ஒதைக்கும். அதுக்குள்ள பெரியம்மா என்னைய அடுத்த காம்பராவுக்குத் தூக்கிக் குடுத்துரும். அப்பா அங்க வரும், நா அதுக்கடுத்த ஊட்ல இருப்பேன்." சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "ஒருக்கா தொங்கல் காம்பரா வரைக்கும் போயிட்டேன். அவங்க ஊட்ல கோழிக் கொழம்பு. தின்னுட்டு அங்கயே தூங்கிட்டேன். அப்பா மழையில நின்னு எல்லாரையும் திட்டிட்டு இருந்துச்சு."

"அன்னிக்கு என்ன ஆச்சு?"

சிரிப்பு போய்விட்டது.

"அம்மா மறந்துருச்சுக்கா."

சுவரை அடைத்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அவன் விறகை எடுத்ததும் தாய் எப்போதும்போல மகளைத் தூக்கிக்கொண்டு பெட்டி மேல் ஏறினார். எப்போதும்போல மேலே நீட்டினார். மேலே வழி இல்லை. புது பிளாக்கில் அவள் தலையும் முதுகும் மோதின. தாய் இரண்டாவது முறையும் அங்கேயே தூக்கினார். கைக்குப் புரியவில்லை. பின்னாலிருந்து வந்த அடிக்கு அவள் கையைக் குறுக்கே வைத்தாள். எலும்பு உடைந்த பிறகுதான் தாயின் கையிலிருந்து நழுவிப் பெட்டி மேல் விழுந்தாள்.

விளையாடினாள் என்றதைத் தவிர தாய் பொய் சொல்லவில்லை என்பது அப்போது எனக்குப் புரிந்தது. பெட்டி, நழுவியது, விழுந்தது எல்லாம் நடந்தவைதான். அடித்தவன் அவன் என்றாலும், மகளைக் கொண்டுபோய் மூலையில் மாட்டிவைத்தது தான் என்றே அவர் நம்பினார். அதனால்தான் தன் பங்கை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுப் பெண்ணை எஸ்டேட்டில் போய்ப் பார்த்தால் கேட்டிலேயே செய்தி போய்விடும். ஞாயிற்றுக்கிழமை குன்னூர் மார்க்கெட்டுக்கு வருவார் என்று தெரிந்து, அங்கே காத்திருந்து பிடித்தேன். கையில் உருளைக்கிழங்குப் பையோடு நின்றே பேசினார்.

"நான் இந்தப் பக்கத்துல கைய நீட்டிக்கிட்டுத்தான் நின்னேன் தங்கச்சி. சத்தம் கேட்ட ஒடனே ஏறி நின்னுட்டேன். எனக்கும் மறந்து போச்சு. செவுத்துல புள்ள மோதுது, தொம்மு தொம்முன்னு. நான் செவுத்தப் பாத்துக் கைய நீட்டிக்கிட்டு நிக்கிறேன்."

"சுவரை ஏன் அடைச்சாங்க?"

"நாங்கதான் கேட்டோம். வயசுக்கு வந்த புள்ளைங்க துணி மாத்த முடியல, ஒரு வார்த்த புருசன்கிட்ட பேச முடியல. மனுல மொதக் கையெழுத்து என்னோடதுதான்."

குழுவின் முன் இதைச் சொல்ல வருவீர்களா என்று கேட்டேன்.

"வந்தா அவன் சும்மா இருப்பானா? அடுத்த காம்பரா தங்கச்சி. ஒங்களுக்கு ஜீப்பு இருந்துச்சு, எறங்கிப் போயிட்டீங்க" என்றார். பாதுகாப்புக்குக் காவல் நிலையத்தில் சொல்லிவைக்கிறேன் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறினார்.

விசாரணை நாளில் அவர் வந்தார். நல்ல புடவை கட்டி, லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்.

நீள மேசைக்கு அந்தப் பக்கம் குழுவின் தலைவரும் உறுப்பினர்களும். இந்தப் பக்கம் அவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். சிறுமியைப் பக்கத்து அறையில் உட்கார வைத்திருந்தோம். அவன் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கையைக் கட்டிக்கொண்டு பேசினான்.

"கோவத்துல டிரைவர் மேல கை பட்டுப்போச்சுங்க. அது தப்புத்தான். புள்ள மேல நா கை வெக்கலீங்க. அவ அம்மாவையே கேளுங்க."

முதலில் பக்கத்து வீட்டுப் பெண் பேசினார். சந்தையில் சொன்னதையே சொன்னார். அவன் குறுக்கே சிரித்தான்.

"செவுத்துக்கு அந்தப் பக்கம் இருந்து பாத்தாளாமா? என்ன கண்ணுங்க அது?"

"பாக்கல" என்றார் அவர், அவனைப் பார்க்காமல். "அடைச்சாச்சே, எப்படிப் பாக்கிறது. கேட்டேன். நீ ஒவ்வொரு அடிக்கும் என்ன திட்டுனங்கிறதையும் கேட்டேன். சொல்லவா, இந்தப் பெரியவங்க முன்னால?"

குழுத் தலைவர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. தாயிடம் திரும்பினார். "பொண்ணு உங்களுக்கு வேணுமா?"

"வேணுமுங்க. எங்கூட அனுப்புங்க. நா பாத்துக்கறேன்."

"மறுபடி இவர் அடிச்சா என்ன செய்வீங்க?"

அந்த அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தார். மடியிலிருந்த இரண்டு கைகளும் மேலே எழுந்தன, எதையோ ஏந்தித் தூக்குவதுபோல. நெற்றி உயரத்தில் நின்றன. அந்தரத்தில் நின்ற தன் கைகளை அவரே பார்த்தார். மெதுவாக மேசைமேல் இறக்கினார்.

"அனுப்ப வேண்டாங்க" என்றார்.

அவன் எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்தபடியே முழங்கையை வீசினான். அது அவர் மூக்கில் விழுந்தது. உடைகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மேசைமேல் விரித்திருந்த காகிதங்களில் ரத்தம் சொட்டியது. தலைவர் நாற்காலியோடு பின்னால் போனார். அவன் அதற்குள் எழுந்து, மேசையைக் கவிழ்த்து, பக்கத்து வீட்டுப் பெண்ணின் கொண்டையைப் பிடித்துவிட்டான். வாசலில் நின்ற காவலர்கள் வந்து விலக்குவதற்குள் அவர் தலையை இருமுறை சுவரில் மோதியிருந்தான்.

"கத்தியப் புடுங்கி வெச்சுட்டா ஆச்சா?" என்று, இழுத்துப் போகும்போது பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்துச் சொன்னான். "எஸ்டேட்டுல ஒரே கத்திதான் இருக்குதா?"

தாய் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். யாரும் கேட்காமலே, தலைவரைப் பார்த்து இன்னொரு முறை சொன்னார். "எழுதிக்கோங்க. அனுப்ப வேண்டாம்."

எழுதிக்கொண்டார்கள். பக்கத்து அறையில் சிறுமி மேசைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கிறது. வெளியே வா என்று நான் கூப்பிடவில்லை. நானும் கீழே உட்கார்ந்தேன். "எங்கம்மாவுக்கா, பெரியம்மாவுக்கா?" என்று கேட்டாள். ரெண்டு பேருக்கும் என்றேன்.

இப்போதைய நிலை இது. சிறுமி ஊட்டியில், காந்தல் பகுதியில் தாயின் தங்கை வீட்டில், குழுவின் உத்தரவின் பேரில் இருக்கிறாள். அங்கேயே பள்ளிக்குப் போகிறாள். கை சேர்ந்துவிட்டது, முழுதாகத் திருப்ப முடியவில்லை. அவள் கை உடைந்ததற்கும், குழுவின் முன் அடித்ததற்கும் வழக்கு பதிவாகியிருக்கிறது. எல்லா வழக்குகளும் நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளன. அவன் மறுபடி ஜாமீனில் வந்து எஸ்டேட்டில் வேலை செய்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் கோத்தகிரிப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். தாய் அவனோடுதான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தலுக்கு வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போகிறார். அவரை அங்கிருந்து வெளியே கொண்டுவர என்னால் இன்னும் முடியவில்லை.